அணுவா? ஆதவனா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் எங்களை அணு அணுவாகப் பிளந்து காட்டிய எதிரணி நண்பர்களே! இந்த அரங்கத்திலும், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! 

"வெயில் கொளுத்தும் அரபு நாடுகளுக்கு ஏற்றது அணு மின்சாரமா, சூரிய மின்சாரமா?" இதுதான் தலைப்பு. நான் சூரியனின் பக்கம். அரபு நாட்டு மின்சாரத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த அரங்கத்தில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை துபாயில், மருமகன் குவைத்தில், மச்சான் தோஹாவில்? அந்தப் பிள்ளை படுக்கிற அறையில ஏ.சி. நின்னு போச்சுன்னா இங்கே ஒரு தாய்க்குத் தூக்கம் வராது. அதனால இது நம்ம வீட்டு விஷயமும்தான்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, சூரியன் நேத்து முளைச்சதா? பாலைவனம் நேத்து வந்ததா? வெயில் மின்சாரம் அவ்வளவு நல்லதுன்னா, நூறு வருஷமா அரபுக்காரங்க ஏன் அதைப் பிடிச்சு வைக்கல?" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா, அதுதான் சரியான கேள்வி.

நடுவர் அவர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் விஞ்ஞானத்தில் இல்லை. சரித்திரத்தில் இருக்கிறது. சூரியன் அந்த நாடுகளின் கதவை மூன்று முறை தட்டியிருக்கிறான். இரண்டு முறை கதவைத் திறந்து, "யாரு?"ன்னு கேட்டு, அப்புறம் சாத்திட்டாங்க. ஏன் சாத்தினாங்க என்பதுதான் என் பேச்சு.

முதல் தட்டலுக்கு முன்னால் ஒரு சின்ன செய்தி. சூரிய ஒளியை வளைந்த கண்ணாடியால் ஒரே இடத்தில் குவிக்கலாம் என்ற கணக்கை அரபு அறிஞர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தார்கள். பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஐ ஒட்டி மறைந்த இப்னு அல்ஹைதம் என்ற மேதை, எரிக்கும் கண்ணாடிகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆக, வெயிலைப் பிடிக்கிற வித்தை அவங்களுக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. பாட்டன் சொத்து.

இப்போ அதே கெய்ரோவுக்குப் பக்கத்தில், மாதி என்ற ஊருக்கு வாங்க. வருஷம் 1913. ஃபிராங்க் ஷூமன் என்று ஓர் அமெரிக்கர், பிலடெல்பியா நகரத்துக்காரர். நீளமான தொட்டி மாதிரி வளைந்த ஐந்து கண்ணாடி வரிசைகளை அங்கே நிறுத்தினார். ஒவ்வொன்றும் சுமார் 62 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். சூரியன் நகர நகர, கண்ணாடியும் கூடவே திரும்பும். குவிகிற வெயிலில் நடுக் குழாயில் உள்ள தண்ணீர் ஆவியாகும். அந்த ஆவி இயந்திரத்தை ஓட்டும். இயந்திரம் நைல் நதித் தண்ணீரை இறைத்துப் பருத்தி வயலுக்குப் பாய்ச்சும். நிமிடத்துக்கு சுமார் 6,000 காலன் தண்ணீர்! நிலக்கரி கிடையாது, விறகு கிடையாது, எண்ணெய் கிடையாது. 1913ல், நடுவர் அவர்களே! நம்ம ஊர்ல பல இடத்துல மின்சார விளக்கையே பார்க்காத காலம்.

அந்தக் காலத்தில் எகிப்துக்கு நிலக்கரி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரணும். கொள்ளை விலை. அதனால் எகிப்தை அப்போது ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரி கிட்சனர் பிரபுவே இதைப் பார்த்து மகிழ்ந்து, சூடானில் பெரிய பருத்தித் தோட்டம் ஒன்றில் இதைப் போட இடம் தருகிறேன் என்றார். ஜெர்மன் நாடாளுமன்றம் 2,00,000 மார்க் ஒதுக்கியது. சகாரா பாலைவனத்தில் ஒரு மூலையில் கண்ணாடி விரித்தால், உலகம் அன்று எரித்த நிலக்கரி, எண்ணெய் அத்தனைக்கும் ஈடு கட்டலாம் என்று ஷூமன் கணக்குப் போட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு? மறு வருஷமே 1914. முதல் உலகப் போர். பொறியாளர்கள் எல்லாம் அவரவர் நாட்டுக்குத் திரும்பினார்கள். இயந்திரம் கழற்றப்பட்டது. 1918ல் ஷூமனும் இறந்துபோனார். அதே 1914ல் பிரிட்டிஷ் அரசு இன்னொரு காரியம் செய்தது. பாரசீகத்தில் எண்ணெய் எடுத்த கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிப் போட்டது, தன் போர்க் கப்பல்களுக்காக. 1932ல் பஹ்ரைன், 1938ல் சவூதி, அதே வருஷம் குவைத் என்று வரிசையாக எண்ணெய் பீறிட்டது. தரையைத் தோண்டினா தங்கம் வரும்போது, வானத்தை யார் பார்ப்பாங்க? முதல் கதவு சாத்தியாச்சு.

இரண்டாவது தட்டல், 1973க்குப் பிறகு. அந்த ஆண்டு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. விலை நாலு மடங்கு ஆனது. உலகம் திகைத்துப் போய்த் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தது. அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் சேர்ந்து ரியாத்துக்குப் பக்கத்தில் ஒரு சூரிய கிராமமே அமைத்தார்கள். 1981 வாக்கில் 350 கிலோவாட் திறனோடு மூன்று கிராமங்களுக்கு மின்சாரம். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய சூரிய மின் அமைப்புகளில் அது ஒன்று. எண்ணெய்க்குப் பேர் போன சவூதியில்!

அதுக்கும் ஒரு முடிவு வந்தது. 1986ல் எண்ணெய் விலை தடாலென்று விழுந்தது, பீப்பாய் பத்து டாலர் அளவுக்கு. "எண்ணெய்தான் மலிவாயிடுச்சே, கண்ணாடி எதுக்கு?" என்று ஆர்வம் அடங்கிப்போச்சு. வீட்டுல பாருங்க, கேஸ் விலை ஏறினா மொட்டை மாடியில அரிசி வடாம் காய வைக்கிறப்பவே, "இந்த வெயில்ல சோறும் வெந்தா எப்படி இருக்கும்"னு தோணும். விலை இறங்கினா மறுபடி அடுப்பைத் திறந்து விட்டுட்டுச் சீரியல் பார்க்கப் போயிடுவோம். (சிரிப்பு) நாடும் அப்படித்தான் நடந்துகொண்டது.

ஆக, எதிரணித் தலைவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இரண்டு முறையும் தோற்றது வெயில் இல்லை. முதல் முறை போரும் எண்ணெயும் குறுக்கே வந்தன. இரண்டாம் முறை மலிவு எண்ணெய் குறுக்கே வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை!

சரி, இதே காலத்தில் எதிரணியின் கதாநாயகன் என்ன செய்துகொண்டிருந்தார்? அணுவின் சரித்திரத்தையும் புரட்டிப் பார்த்துவிடுவோம். அதுதானே நியாயம்?

எகிப்து 1955லேயே அணுசக்திக்கு அமைப்பு தொடங்கியது. 1961ல் சோவியத் உதவியோடு இன்ஷாஸ் என்ற இடத்தில் 2 மெகாவாட் ஆராய்ச்சி உலை வந்தது. 1964ல் 150 மெகாவாட்டில் மின் நிலையம் என்று திட்டம் போட்டார்கள். 1967ல் இஸ்ரேலோடு போர், திட்டம் போச்சு. 1983ல் மத்தியதரைக் கடல் ஓரம் எல் தபா என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1986ல் செர்னோபில் விபத்து, மறுபடி நின்னு போச்சு. கடைசியில் 2015ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம். நம்ம கூடங்குளத்துக்கு உலை கொடுத்த அதே ரஷ்யாதான். 2022 ஜூலையில் முதல் கான்கிரீட். 1955ல் பேச்சுவார்த்தை ஆரம்பிச்சு 2022ல் அஸ்திவாரம்! 67 வருஷம்! நம்ம ஊர்ல ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சு, பேத்திக்குக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி. (சிரிப்பு) நான்கு உலைகள், 4,800 மெகாவாட். ரஷ்யக் கடன் மட்டும் 2,500 கோடி டாலர்.

ஈராக்கைப் பாருங்கள். பிரான்ஸ் கட்டிக்கொடுத்த உலை பாக்தாத் அருகே இருந்தது. அது மின் நிலையம் இல்லை, ஆராய்ச்சி உலைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதில் குண்டு செய்வார்கள் என்று சந்தேகப்பட்ட இஸ்ரேல், 1981 ஜூன் 7 அன்று விமானங்களை அனுப்பித் தகர்த்தது. அதே 1981! ரியாத்துக்குப் பக்கத்தில் கிராமத்து வீட்டில் வெயிலால் விளக்கு எரிந்த காலத்தில், பாக்தாத்துக்குப் பக்கத்தில் அணு உலை இடிந்து விழுந்தது. சூரியத் தகடு வைத்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டு யாராவது யாருக்காவது விமானம் அனுப்பியிருக்கிறார்களா, நடுவர் அவர்களே? (கைதட்டல்)

ஜோர்டான்? அங்கே எண்ணெய் இல்லை. எரிபொருளில் மிகப் பெரும் பகுதியை வெளியிலிருந்து வாங்கும் நாடு. 2013ல் இரண்டு ரஷ்ய உலைகள் என்று முடிவெடுத்தது. சுமார் 1,000 கோடி டாலர் செலவு. பணம் புரளவில்லை, உலையைக் குளிர்விக்கத் தண்ணீருக்கும் தட்டுப்பாடு. 2018ல் கைவிட்டது. இன்றைக்கு ஜோர்டானின் மின்சாரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வெயிலும் காற்றும் தருகின்றன.

இப்போ எதிரணி நண்பர் சிரிக்கிறார். "பராக்கா எங்கே? ஐக்கிய அரபு அமீரகத்தை ஏன் விட்டுட்டே?" என்கிறார். விடவில்லை ஐயா, அதுக்குத்தான் வருகிறேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். 2009ல் தென் கொரியாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2012ல் கட்ட ஆரம்பித்தார்கள். 2020ல் முதல் உலை மின்சாரம் கொடுத்தது. 2024 செப்டம்பரில் நான்காவதும் முழுமையாக ஓட ஆரம்பித்தது. மொத்தம் 5,600 மெகாவாட். அந்த நாட்டு மின்சாரத்தில் நாலில் ஒரு பங்கு. இரவும் பகலும் ஓடுகிறது, புகை இல்லை. அரபு உலகத்தின் முதல் அணு மின் நிலையம். நல்ல வேலை. நல்லதை நல்லதென்று சொல்லாவிட்டால் நான் இந்த மேடைக்குத் தகுதியில்லை.

ஆனால் அந்த வெற்றிக்கு என்னென்ன தேவைப்பட்டது? ஒன்று, பணம்: ஒப்பந்தத் தொகை மட்டும் சுமார் 2,000 கோடி டாலர், முடிக்கும்போது இன்னும் ஏறியது. இரண்டு, அமைதி: சொந்த மண்ணில் உள்நாட்டுப் போர் இல்லாத நாடு. மூன்று, பொறுமை: கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்து, அணு மின்சாரத்தைக் கண்ணால் பார்த்த அரபு நாடு இன்றுவரை அது ஒன்றுதான். இருபதுக்கு மேல் அரபு நாடுகள் இருக்கின்றன. நம் தலைப்பு "அமீரகத்துக்கு" என்று இல்லை. "அரபு நாடுகளுக்கு" என்று இருக்கிறது.

அதோடு, அணு உலை வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை மாதிரி. வரதட்சணை 2,000 கோடி டாலர். கொடுத்தாச்சு. அதோட முடியுமா? பதினெட்டு மாசத்துக்கு ஒருமுறை புது எரிபொருள் போடணும். அது தலை தீபாவளி, தலைப் பொங்கல்னு நிக்காம வர்ற சீர்வரிசை. (சிரிப்பு) யுரேனியத்தைச் செறிவூட்டுகிற வேலையை நாங்கள் செய்ய மாட்டோம் என்று அமீரகம் எழுதிக் கொடுத்திருக்கிறது. உலக அமைதிக்கு அது நல்லது; பாராட்டுகிறேன். ஆனா சீர்வரிசை வெளியிலிருந்துதான் வந்தாகணும்.

"உங்க சூரியத் தகடும் சீனாவிலிருந்துதானே வருது?" என்று அந்த அம்மா கேட்டார்கள். வாஸ்தவம். இன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான தகடு சீனாவில்தான் தயாராகிறது. ஆனால் ஒருமுறை வாங்கிப் போட்டால் இருபத்தைந்து வருஷம் வேலை செய்யும். நாளைக்கே சீனா கோபித்துக்கொண்டாலும், போட்ட தகட்டின் மேல் விழுகிற வெயிலை நிறுத்த முடியாது.

அடுத்து, எல்லோரும் கேட்ட கேள்வி. "ராத்திரி என்ன பண்ணுவே?" அதைக் கேலியாகக் கேட்டாலும் அது நியாயமான கேள்வி. 1,000 மெகாவாட் அணு உலையும் 1,000 மெகாவாட் சூரியத் தகடும் ஒன்றில்லை. பாலைவனத்திலேயே தகடு வருஷ சராசரியில் தன் முழுத் திறனில் நாலில் ஒரு பங்கு சொச்சம்தான் கொடுக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனா தாய்மார்களைக் கேட்கிறேன். தோசை சுட்டு முடிச்சு அடுப்பை அணைச்ச பிறகு, தோசைக்கல்லைத் தொடுவீங்களா? தொட மாட்டீங்க. நெருப்பு போன பிறகும் சூடு நிக்கும். மொராக்கோவில் வார்ஸாஸாத் என்ற ஊரில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். கண்ணாடியால் வெயிலைக் குவித்து, உப்பை உருக்கித் தொட்டியில் வைக்கிறார்கள். சூரியன் மறைந்த பிறகு அந்தச் சூட்டில் ஆவி எடுத்து மின்சாரம் செய்கிறார்கள். 2016ல் முதல் பகுதி திறந்தபோது மூன்று மணி நேரச் சேமிப்பு. பிறகு வந்த பகுதிகளில் ஏழு மணி நேரம். ஷூமன் 1913ல் மாதியில் வைத்தாரே தொட்டி மாதிரிக் கண்ணாடி, அதன் பேரப்பிள்ளைகள்தான் இந்த நிலையத்தின் முதல் இரண்டு பகுதிகளும்!

அமீரகமே 2025 ஜனவரியில் என்ன அறிவித்தது தெரியுமா? 5,200 மெகாவாட் தகடு, 19,000 மெகாவாட்-மணி பேட்டரி, இரண்டும் சேர்ந்து இரவு பகல் 24 மணி நேரமும் 1,000 மெகாவாட். செலவு சுமார் 600 கோடி டாலர். எதிரணி நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்: பராக்காவின் ஒப்பந்தத் தொகையை வகுத்துப் பார்த்தால் 1,000 மெகாவாட்டுக்கு 350 கோடி சொச்சம்தான். இந்த ஒரு கணக்கில் அணுவே மலிவு. ஆனால் 2025ல் அறிவித்த திட்டத்துக்கு அவர்கள் வைத்த கெடு 2027. அணுவை வெற்றிகரமாகக் கட்டி முடித்த நாடே, அடுத்த பெரிய பணத்தை வெயிலில் போடுகிறது என்றால், அவர்கள் வீட்டுக் கணக்கு அவர்களுக்குத் தெரியாதா?

பகல் மின்சாரத்துக்கோ போட்டியே இல்லை. அபுதாபி பக்கம் அல் தஃப்ராவில் சுமார் 40 லட்சம் தகடுகள். 2020ல் ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை சென்ட்டுக்கும் குறைவான விலைக்கு ஒப்பந்தம். 2023 நவம்பரில் திறப்பு விழாவே நடந்துவிட்டது. வெயில் கடுமையானால் தகடு சோர்ந்துபோகும், தூசி படியும் என்றார்கள். உண்மைதான். தகடு சூடேறச் சூடேற உற்பத்தி கொஞ்சம் குறையும். ஆனா தூசியைத் தட்ட இயந்திர மனிதனையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீரே இல்லாமல், தூரிகையால் பெருக்கிக்கொண்டு போகிறான். நம்ம வீட்டுல மின்விசிறி இறக்கையைத் துடைக்கச் சொன்னா தீபாவளிக்குத் துடைக்கிறோம்; அவன் சலிக்காமல் துடைக்கிறான். (சிரிப்பு)

இன்னொன்று, கடல். வளைகுடா நாடுகளில் ஆறு கிடையாது. கடல் தண்ணீரைச் சுத்தப்படுத்தித்தான் குடிக்கிறார்கள். அணு உலையும் அதே கடல் ஓரத்தில்தான், அதே தண்ணீரில்தான் குளிர்கிறது. சாதாரண நாளில் அதனால் ஆபத்து இல்லை. என் கவலை சாதாரண நாளைப் பற்றி இல்லை. 2022ல் உக்ரைனின் சப்போரிசியா அணு நிலையம் போர்க்களமானதைப் பார்த்தோம். 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் தாக்கப்பட்டபோது, எதிர்க்கரை முழுக்க மக்கள் தங்கள் குடிதண்ணீரை நினைத்துப் பதறினார்கள். அந்தக் கரையில் நம்ம பிள்ளைகளும் இருந்தாங்க.

மூன்றாவது தட்டலுக்கு வருகிறேன். இது அரசாங்கத்தின் கதவில் இல்லை. சாதாரணக் குடும்பத்தின் கதவில்.

லெபனான். பண நெருக்கடியில் நாடு நொடித்துப் போனது. 2021 அக்டோபரில் எண்ணெய் தீர்ந்து, இரண்டு பெரிய மின் நிலையங்களும் நின்று, நாடு முழுக்க இருண்டது. மற்ற நாட்களிலும் அரசு மின்சாரம் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான். மக்கள் என்ன செய்தார்கள்? நகையை விற்றவர் உண்டு, கடன் வாங்கியவர் உண்டு. கூரையில் தகடு போட்டார்கள். 2020ல் சுமார் 100 மெகாவாட்டாக இருந்தது, 2023க்குள் 1,000 மெகாவாட் அளவுக்கு ஏறியது. இதில் பெரும்பகுதி எந்த மந்திரியும் அடிக்கல் நாட்டாதது!

ஏமனைப் பாருங்கள். 2015ல் போர் மூண்டு மின் கம்பியெல்லாம் செத்துப்போனது. லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒன்றிரண்டு தகடும் ஒரு பேட்டரியும் வாங்கி வைத்தன. ஒரு விளக்கு, ஒரு கைபேசி, பிள்ளை படிக்க வெளிச்சம். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கவும் வெயில்தான். இலவசம் என்று அளவில்லாமல் இறைத்து நிலத்தடி நீர் இறங்குகிற ஆபத்தும் அங்கே வந்திருக்கிறது. வெயிலுக்கும் நிதானம் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நினைத்துப் பாருங்கள். அந்தத் தாய்க்கு அணுவால் என்ன செய்திருக்க முடியும்? மொட்டை மாடியில் அணு உலை வைக்க முடியுமா? அரை உலை வாங்க முடியுமா? மாசத் தவணையில் கால் உலை கிடைக்குமா? (கைதட்டல்)

இதுதான் நான் சொல்ல வந்தது, நடுவர் அவர்களே. அணு உலைக்குப் பணக்கார அரசு வேண்டும், அமைதி வேண்டும், பன்னிரண்டு வருஷம் வேண்டும். அரபு நாடுகளின் நூறு வருஷச் சரித்திரத்தில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்தது அபூர்வம். வெயில் அப்படி இல்லை. 40 லட்சம் தகடாகவும் வாங்கலாம், ஒரே ஒரு தகடாகவும் வாங்கலாம். அரசனும் வாங்கலாம், அகதியும் வாங்கலாம். போர் வந்து ஒரு மூலை உடைந்தாலும் மறு மூலை எரியும்.

பராக்கா ஓடட்டும், நன்றாக ஓடட்டும். கட்டியதை இடிக்கச் சொல்லி நான் வரவில்லை. ஆனால் பணமில்லாத, அமைதியில்லாத, காத்திருக்க நேரமில்லாத ஒரு அரபுக் குடும்பம் உங்கள் முன்னால் வந்து, "ஐயா, எங்கள் வீட்டில் இன்று ராத்திரி விளக்கு எரிய எதை நம்பலாம்?" என்று கேட்டால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? அந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட விருந்தாளி மூன்றாவது முறையும் வாசலில் நிற்கிறான். இந்த முறை கதவைத் திறந்தது ஏழை வீடு. அந்த வீட்டின் பக்கம் நின்று, ஆதவனே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.